சப்பைக் கால் சங்கதி

குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்து பாருங்கள். தடத்தில் குதிகாலுக்கும் விரல்களுக்கும் நடுவே, உள்பக்கம் வளைவாக ஓர் இடம் ஈரமில்லாமல் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். என் தடம் அப்படியே தோசைத் திருப்பி!

இதைக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு மாமா. வருடம் 2008. பி.காம். படித்துக்கொண்டே, ராணுவ கிளார்க் வேலைக்காக தினம் விடியற்காலையில் 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன். வாசல் தெளித்த தண்ணீரை மிதித்து நான் பதித்த தடத்தை மாமா பார்த்துவிட்டார்.

"டேய் தம்பி, உனக்குச் சப்பைக் கால்டா. மெடிக்கல்ல திருப்பி அனுப்பிடுவான். வீணா எதுக்கு ஓடறே?"

மறுநாள் ஏழு மணிவரை தூங்கினேன். முகாமுக்குப் போகவே இல்லை.

இப்போது ஆபீஸில் ஷூ கட்டாயம். மாலை நாலு மணி ஆனால் உள்ளங்காலில் யாரோ ஸ்க்ரூ முடுக்குவது போல் வலி. டாக்டரிடம் போனேன்.

"நுனிக்கால்ல நில்லுங்க" என்றார். நின்றேன்.

"வளைவு வந்துடுச்சு பாருங்க!"

கட்டைவிரல் மடங்கும்போது உள்ளங்கால் தசைநார் வில்லில் நாண் ஏற்றியது போல இழுபட, வளைவு எழும்புகிறதாம். எழும்பாத கால்தான் விறைப்பான கேஸ். "உங்களுக்கு ஷூவுக்குள்ள ஆர்ச் சப்போர்ட் போதும். இப்படி வளைவு வந்து, வலியில்லாம ஓடினா ராணுவத்துலயே எடுத்துக்குவாங்க சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடையில் ஆர்ச் சப்போர்ட் விலையைக் கேட்டதும் என் காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது. எம்.சி.ஆர். செருப்புக்குப் போடுகிற மெத்து மெத்து ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வாங்கினேன். ஷூவின் உள்சோலை உருவி, அடியில் ஒட்டினேன். நிறைய வைத்தால் நிறைய பலன் என்று பத்து மில்லிமீட்டர்! மறுநாள் எலுமிச்சம்பழத்தை மிதித்தபடி நடப்பது போலிருந்தது.

"என்ன சார், பூமிதி வேண்டுதலா?" என்றார் மானேஜர்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் செருப்பு தைக்கும் பெரியவர்தான் காப்பாற்றினார். "விரலுக்குக் கீழே வெச்சுட்டீங்களே சார்! குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னாடி, உள்பக்கம் வரணும்." பாதி கனத்துக்குச் சீவினார். ஓரங்களை அப்பளமாக்கினார். ரப்பர் சொல்யூஷனை ஒரே ஒரு பொட்டு வைத்தார். இடம் சரியில்லையென்றால் பிய்த்து நகர்த்தலாமாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மூன்றாம் வாரம் நாலு மணியை நான் கவனிக்கவே இல்லை. ஒன்று: சர்க்கரையால் கால் மரத்துப் போனவர்கள் இந்தக் கைவேலையில் இறங்க வேண்டாம். உறுத்தி, புண்ணான பிறகுதான் தெரியும்.

போன ஞாயிறு மாமா தன் செருப்போடு வந்தார். "கால் வலி தாங்கலைடா. எனக்கும் ஒண்ணு ஒட்டிக் குடேன்."

அளவெடுக்க, ஈரக்காலைத் திண்ணையில் வைக்கச் சொன்னேன். வைத்தார். என்னுடையதைவிடப் பெரிய தோசைத் திருப்பி!

"மாமா, உங்களுக்கும் சப்பைக் கால்!"

"போடா. அறுபது வருஷமா நடக்கற கால்டா இது."

"நுனிக்கால்ல நில்லுங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்து பார்த்தேன். வளைவு எழும்பவில்லை. ரப்பரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, டாக்டரிடம் போக ஆட்டோ கூப்பிட்டேன்.