வெள்ளிக்கிழமை மட்டும் பற்றாத அடுப்பு

பரமத்தி வேலூர்ப் பக்கம் அடுப்பு என்றாலே பலருக்கும் வெல்ல ஆலைதான் நினைவுக்கு வரும். கரும்பைப் பிழிந்த சக்கையைக் களத்தில் காயவைத்து, அதையே அடுப்பில் தள்ளிக் கொப்பரையில் பாகு காய்ச்சுவார்கள். அந்த அடுப்பு எரியவில்லை என்றால் சக்கையில் ஈரம் இருக்கும், இல்லையென்றால் சாம்பல் அடைத்திருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேஸ் அடுப்பு அப்படி இல்லை. எரிகிற பொருள் கண்ணுக்கே தெரியாது. வருகிறதா, இல்லையா என்பதைக் காதும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். இந்த மூக்கு எவ்வளவு பெரிய காவல்காரன் என்பது, வேலூரில் தனியாக இருக்கும் எங்கள் அம்மாவால்தான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு வயது 74.

"கண்ணு, அடுப்பு பத்தவே மாட்டேங்குது" என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஈரோட்டுக்குப் போன் வந்தது. சிலிண்டர் மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மதியம் நான் கூப்பிட்டபோது, "இப்ப நல்லா எரியுது" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை. அடுப்பு பழுது பார்ப்பவர் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க எரியுது" என்று சொல்லிப் போய்விட்டார்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "பேசாம இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் குடுத்தர்லாங்க்கா" என்றான். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கரண்டு போயிருச்சுன்னா ஒரு வாய் காப்பிக்கு நான் எங்க போறது?"

மற்ற நாளில் எரிகிற அடுப்பு வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் மக்கர் செய்கிறது? அதைப் பார்ப்பதற்காகவே ஒரு வியாழக்கிழமை இரவு ஊருக்குப் போனேன்.

விடிகாலை நாலரை மணிக்குச் சமையலறையில் சத்தம். அம்மா பர்னர் இரண்டையும் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அடுப்பைக் கழுவி, மேடையில் கோலம் போட்டுவிட்டுத்தான் பால் காய்ச்சுவது எங்கள் வீட்டு வழக்கம். கழுவிய பர்னரை ஒரு உதறு உதறி அப்படியே மாட்டினார். லைட்டர் ஈர மேடையிலேயே கிடந்தது.

காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பர்னரில் இருக்கும் பொடி ஓட்டைகளில் தண்ணீர் நின்றால் கேஸ் சரியாக வெளியே வராது. லைட்டர் முனை நனைந்திருந்தால் பொறியும் சரியாக வராது. வெயில் ஏற ஏற இரண்டும் காய்ந்துவிடும், மதியம் அடுப்பு எரிந்துவிடும். பழுது பார்க்க வந்தவர் சொன்னதும் நிஜம்தான்.

பல் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்திலேயே கேஸ் வாடை குப்பென்று அடித்தது. உள்ளே அம்மா திருகை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்து டக் டக் என்று லைட்டரை அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை.

"அம்மா, நிறுத்துங்க!"

திருகையும் ரெகுலேட்டரையும் மூடினேன். பின்கதவையும் ஜன்னலையும் திறந்தேன். எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்கவில்லை, மின்விசிறியையும் போடவில்லை. ஸ்விட்சைத் தட்டும்போது வரும் சின்னப் பொறியே போதும். அம்மாவைக் கைப்பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தேன்.

"இத்தனை வாடை வருது, உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு ஒண்ணுமே வரலையே கண்ணு." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு வருசமா மல்லிப்பூகூட மணக்கறதில்ல. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டேன்" என்றார்.

இரண்டு வருடமாக எங்கள் யாருக்குமே தெரியாது. தினமும் பூ வைத்துக்கொள்வார், ரசத்தில் பெருங்காயம் போடுவார். கேட்டால்தானே சொல்வார்?

சமையல் கேஸுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். காற்றில் 100 பங்குக்கு ஏறத்தாழ 2 பங்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். அந்த அளவுக்குப் போவதற்கு வெகு முன்பே மூக்கு எச்சரித்துவிடும். எங்கள் அம்மாவுக்கு அந்த எச்சரிக்கை வரவே இல்லை.

அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தேன். ஒரு பர்னர் எரிந்து இன்னொன்று எரியவில்லை என்றால் கோளாறு அந்தப் பர்னரில்தான். பொங்கி வழிந்த கஞ்சி, ஈரம், அடியில் இருக்கும் ஜெட்டில் அடைப்பு, சில சமயம் குழாய்க்குள் பூச்சி கட்டிய கூடு. இரண்டுமே எரியவில்லை என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், ட்யூப் இவற்றைப் பார்க்க வேண்டும். 'உஸ்' என்று கேஸ் வரும் சத்தம் கேட்டும் பற்றவில்லை என்றால், முதலில் லைட்டரைச் சந்தேகப்படலாம். தீக்குச்சி என்றால் குச்சியைக் கொளுத்திய பிறகுதான் திருகைத் திறக்க வேண்டும். ஜெட்டை ஊசியால் குத்தக் கூடாது. ஓட்டை பெரிதானால் கேஸ் அதிகமாக வரும். அதற்கு ஆள் கூப்பிடுவதே நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணக்கு. மூன்று முறை அழுத்தியும் பற்றவில்லை என்றால் திருகை மூடிவிட வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அம்மா இதை எளிதாகப் பிடித்துக்கொண்டார். "மூணு தடவை, அப்புறம் வாசல்" என்று அவரே சுருக்கிக்கொண்டார்.

அடுப்புக் கழுவுவது வியாழக்கிழமை மதியத்துக்கு மாறியது. வெள்ளிக்கிழமை கோலம் மட்டும். கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றை வாங்கி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டினோம். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். கூரைப் பக்கம் மாட்டிப் பயனில்லை. ஆரஞ்சு ட்யூபில் அச்சிட்ட வருடத்தைப் பார்த்தோம், ஐந்து வருடம் தாண்டியிருந்தது, மாற்றினோம். ராத்திரி ரெகுலேட்டரை மூடுவது பழக்கமானது. கேஸ் கசிவுக்கு 24 மணி நேரமும் கூப்பிடக்கூடிய 1906 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, சமையலறையில் ஒட்டாமல் வாசல் சுவரில் ஒட்டினோம். வெளியே வந்த பிறகுதானே போன் செய்ய வேண்டும்!

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டினோம். வாசனை குறைவதற்கு வயது மட்டுமே காரணமில்லை. மூக்கில் வளரும் சதை, நாள்பட்ட சளி, சில மாத்திரைகள், வந்துபோன காய்ச்சல் என்று பல இருக்கின்றன. சிலவற்றுக்கு வைத்தியம் உண்டு. அம்மாவுக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் தனியாகச் சமைக்கிற பெரியவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டி, என்ன வாசம் என்று கேளுங்கள். விளையாட்டாகவே கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால், அன்றைக்கே அந்தக் கருவியை வாங்கிவிடுங்கள்.