தலையும் கதையும்



பல்லாண்டுகள் எனக்கு முடிதிருத்திய பெரியவர், ஆள் கிடைக்காமல் கடையை மூடிவிட்டார். 2009இல் வெளிநாட்டுத் தொழிலாளர் சேர்ப்பு முடக்கப்பட்டபின் இந்திய முடிதிருத்தகங்கள் பலவற்றுக்கும் இந்நிலை ஏற்பட்டது. தலையை யாரிடம் ஒப்படைப்பது எனத் தவித்தேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் அருகே ஒரு சிறு கடையைக் கண்டேன். காத்திருந்த வேளையில், 2008இல் மறைந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ கையில் சிக்கியது. நிகழ்வது அறிவியலா, ஆவியா? கணேஷும் வசந்தும் துப்புத் துலக்க, நான் நாற்காலியில் அமர்ந்தும் வாசிப்பை விடவில்லை. கழுத்தில் கத்தி, கண்ணில் கொலை!

“தலையை அசைக்காதீங்க சார். முடிவை நான் சொல்லமாட்டேன்” என்றார் கடைக்காரர். வேலை கச்சிதம். நூலையும் என்னிடமே தந்து, “அடுத்த மாசம் கொண்டாங்க” என்றார். முன்பின் அறியாதவனிடம் அத்தனை நம்பிக்கை!

அப்போதுதான் என் மேசை இழுப்பறை நினைவுக்கு வந்து உறுத்தியது. பாடநூலுக்குள் மறைத்துத் துப்பறியும் கதை படித்த ஆறாம் ஆண்டு மாணவனிடமிருந்து பறித்த நூல் அதில் கிடந்தது. பள்ளி திறந்ததும் திருப்பிக் கொடுத்தேன். மறுவாரம், “கொலையாளி யாரப்பா?” என்று கேட்டேன்.

“நீங்களே படிங்க சார்” என்று நூலை நீட்டினான்.

படித்துக்கொண்டிருக்கிறேன்.