குதிரைப் பந்தயத் திடலில் இருந்து பறந்த 258

நம் ஊர்க்காரர்களுக்குப் போர் என்றால் கப்பல்தான் நினைவுக்கு வரும். எம்டன் சென்னையில் குண்டு போட்ட கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தூத்துக்குடியில் இருந்து 150 கடல்மைல் தள்ளி, கொழும்பு வானத்தில், 1942-இல் ஒரு காலை முழுக்க நடந்த விமானச் சண்டையைப் பற்றி இங்கே அதிகம் பேர் பேசுவதில்லை. அந்தச் சண்டையில் இறங்கிய ஒரு படைப்பிரிவின் கதை இது. அதன் எண் 258.

விமானப்படையில் 'ஸ்குவாட்ரன்' என்று சொல்வார்கள். பன்னிரண்டு, பதினாறு விமானங்கள், அவற்றின் விமானிகள், பழுது பார்ப்பவர்கள், ஆயுதம் ஏற்றுபவர்கள், சமையல்காரர் வரை எல்லாரும் சேர்ந்த ஒரு குடும்பம் அது. அதற்கு ஓர் எண் உண்டு. ஆட்கள் மாறுவார்கள், விமானம் மாறும், ஊர் மாறும், எண் மாறாது. நம் தோணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை மாற்றி, பாய் மாற்றி, தண்டல் மாறி, கடைசியில் பழையது என்று சொல்ல ஆணிகூட மிஞ்சாது. பெயர் மட்டும் அதேதான்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 258-ஆம் ஸ்குவாட்ரன் முதல் உலகப்போரின் கடைசி ஆண்டான 1918-இல் பிறந்து, அடுத்த ஆண்டே கலைக்கப்பட்டது. இரண்டாம் போர் வந்ததும் 1940 நவம்பரில் அதே எண்ணுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இந்த முறை ஹரிகேன் போர் விமானங்கள். இங்கிலாந்தில் ஓராண்டு பறந்த பிறகு, ஜப்பான் போரில் குதித்த நேரத்தில் அவர்களைக் கிழக்கே அனுப்பினார்கள். இண்டாமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஹரிகேன்களை ஏற்றிக் கொண்டுவந்து, ஜனவரி 1942 இறுதியில் ஜாவாவுக்குப் பறக்க விட்டார்கள். அங்கிருந்து சிங்கப்பூர் போனார்கள்.

போய்ச் சேர்ந்தபோது சிங்கப்பூர் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. சில நாட்களில் சுமத்ராவில் உள்ள பாலெம்பாங்குக்குப் பின்வாங்கினார்கள். அங்கிருந்து ஜாவாவுக்கு. பிப்ரவரி முடிவதற்குள் விமானங்கள் தீர்ந்துவிட்டன. விமானிகளில் சிலர் இறந்தார்கள், சிலர் தப்பினார்கள், சிலர் ஜாவாவிலேயே சிறைப்பட்டார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவரான டெரன்ஸ் கெல்லி போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு அந்த நாட்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். ஒரு மாதத்துக்குள் ஒரு ஸ்குவாட்ரன் கரைந்து போனது.

அதே மார்ச் மாதம் இலங்கையில் வேறொரு கவலை. சிங்கப்பூர் விழுந்தாயிற்று, ரங்கூன் விழுந்தாயிற்று. அடுத்தது கொழும்பும் திருகோணமலையும்தான் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்த விமானிகளை, சிங்கப்பூரில் இருந்து தப்பி வந்தவர்கள் சிலரையும் சேர்த்து, ஒன்றாகக் கூட்டி ஒரு பிரிவை அமைத்தார்கள். அதற்கு 258 என்ற அழிந்துபோன எண்ணையே மறுபடி கொடுத்தார்கள். பீட்டர் பிளெட்சர் என்ற ரொடீசியாக்காரர் தலைவர். இங்கிலாந்து, கனடா, நியூசிலாந்து, ரொடீசியா என்று பல நாட்டு இளைஞர்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது.

அவர்களுக்கு விமான நிலையமாகக் கிடைத்தது கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல். கறுவாத்தோட்டத்தில், நகரத்தின் நடுவில், பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் ஓடுபாதை. இன்னொரு பிரிவான 30-ஆம் ஸ்குவாட்ரன், எகிப்துப் பாலைவனத்தில் இருந்து அதே இண்டாமிட்டபிள் கப்பலில் வந்து, இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கியிருந்தது. இரத்மலானை ஜப்பானியருக்குத் தெரிந்த இடம். பந்தயத் திடலில் விமானம் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

ஏப்ரல் 4, பெரிய சனிக்கிழமை. கொக்கலையில் இருந்து புறப்பட்ட கனடியப் பிரிவின் கேட்டலினா விமானம் ஒன்று, தீவுக்குத் தென்கிழக்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, மாலை நேரத்தில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோ. ஐந்து பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள். கேட்டலினாவின் தலைவர் லெனார்ட் பிர்ச்சல் வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். போர் முடியும்வரை ஜப்பானில் சிறையில் கிடந்தார். அந்தச் செய்தி மட்டும் கொழும்பு போய்ச் சேர்ந்தது. இரவோடு இரவாகத் துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் பலவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணியை ஒட்டி ஏறத்தாழ 125 ஜப்பானிய விமானங்கள் வந்தன. முந்தின நாளே எச்சரிக்கை வந்திருந்தும், காலையில் அந்த விமானங்கள் நெருங்கியதை யாரும் சொல்லவில்லை. இரத்மலானைக்காரர்கள் தலைக்கு மேலே பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். குண்டு விழ விழ ஒவ்வொரு விமானமாக மேலே ஏறினார்கள். போர் விமானத்துக்கு உயரம்தான் பலம். கீழே இருந்து ஏறிக்கொண்டிருப்பவன் மேலே நிற்பவனுக்கு இரை. பந்தயத் திடலை யாரும் தாக்காததால் 258-க்குச் சற்று அவகாசம் கிடைத்தது. 14 ஹரிகேன்களும் எழும்பி, துறைமுகத்தின் மேல் பாய்ந்த குண்டுவீச்சு விமானங்களை நோக்கிப் போயின.

ஜப்பானின் ஜீரோ விமானம் எடை குறைந்தது, சிறிய வட்டத்தில் திரும்பும். ஹரிகேனில் விமானிக்குக் கவசத்தகடு உண்டு. அது கனமானது, திரும்ப நேரமாகும். ஜீரோவோடு வட்டமடித்துச் சண்டை போட்டால் தோல்விதான். மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, நேராகக் கீழே இறங்கி ஓடிவிட வேண்டும். சிங்கப்பூரில் அடிபட்டவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் அன்று காலைதான் கற்றுக்கொண்டார்கள்.

258-இன் 14 விமானங்களில் 9 போயின. 30-ஆம் ஸ்குவாட்ரன் 22 விமானங்களை ஏற்றி 8-ஐ இழந்தது. பிளெட்சர் சுடப்பட்டு, காயத்தோடு உயிர் தப்பினார். ஜப்பானியர் இழந்தது 7 விமானங்கள்தான். துறைமுகத்தில் டெனிடாஸ், ஹெக்டர் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல மருத்துவமனையின் மீதும் குண்டு விழுந்தது. அன்று பகலில் தெற்கே நடுக்கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற பெரிய போர்க்கப்பல்கள் இரண்டும் போயின. ஏப்ரல் 9-இல் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

என் பெரியப்பா அப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பதினெட்டு வயது. "கோயிலுக்குப் போறதுக்குச் சட்டை மாட்டிட்டு நிக்கேன். கோயில் மணியும் குண்டுச் சத்தமும் ஒண்ணா கேக்குது. மேல பார்த்தா பருந்தும் காக்கையும் சண்டை போட்ட மாதிரி இருக்குடே. எது யாரு விமானம்னு ஒண்ணும் தெரியல" என்பார். அந்த வாரமே கொழும்பில் இருந்து ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் கிளம்பிவிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆளில்லை. பெரியப்பா தலைமன்னார் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்து, கப்பலில் தனுஷ்கோடி சேர்ந்து, வீட்டுக்கு வந்தபோது கையில் இருந்தது ஒரு துணிப்பை மட்டும். எங்கள் ஆச்சி அவரை மறுபடி கடல் தாண்ட விடவில்லை. எங்கள் குடும்பத்தின் கொழும்புப் பிழைப்பு அதோடு முடிந்தது.

பயம் இந்தப் பக்கமும் வந்தது. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். கொழும்பில் இருந்து தூத்துக்குடி அந்த விமானங்களுக்கு ஒரு மணி நேரப் பறத்தல்தான். கொழும்புத் துறைமுகம் ஜப்பான் கைக்குப் போயிருந்தால், மன்னார் வளைகுடாவில் நம் தோணி ஒன்றுகூட நிம்மதியாகப் பாய் விரித்திருக்க முடியாது.

இதை எழுதும்போது எனக்குள் ஒரு தயக்கம் இல்லாமல் இல்லை. வ.உ.சி. 1906-இல் கொழும்புக்குக் கப்பல் விட்டதற்காக அவரைச் செக்கிழுக்க வைத்த அரசாங்கத்தின் விமானங்கள் அவை. அதே 1942-இல், செப்டம்பர் மாதம், குலசேகரன்பட்டினம் உப்பு அலுவலகத்தில் லோன் துரை கொல்லப்பட்டு, காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்குத் தண்டனை விதித்ததும் அந்த அரசாங்கம்தான். நல்லவேளையாக அது நிறைவேறவில்லை. அந்த இருவரைக் கொண்டாடிய ஊர்க்காரன், இந்த விமானிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் இப்படித்தான் சேர்க்கிறேன். சாம்ராஜ்யத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் தோற்று, ஜாவாவில் தோற்று, தன் கூட்டாளிகளில் பாதிப்பேரை விட்டுவிட்டு வந்த ஒரு பையன், இந்த முறையும் தோற்கப்போகிறோம் என்று கணக்குத் தெரிந்தே, பந்தயத் திடலில் நின்ற விமானத்தில் ஏறி உட்கார்ந்தான். அவன் தலைக்குக் கீழே என் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். நம் ஊர்ச் சரக்கு இறங்கிய துறைமுகம் இருந்தது. எந்தக் கொடிக்காகப் பறந்தான் என்பது ஒரு கேள்வி, யார் தலைக்கு மேல் நின்று அடிவாங்கினான் என்பது வேறு கேள்வி.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அன்று ஜப்பான் ஜெயித்தது. ஆனால் கொழும்புத் துறைமுகம் வேலை செய்துகொண்டே இருந்தது. நகுமோவின் கப்பல்கள் மறுபடி இந்தப் பக்கம் வரவில்லை. அவற்றில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இரண்டே மாதத்தில், ஜூன் 1942-இல், மிட்வேயில் மூழ்கின. 258-ஆம் ஸ்குவாட்ரன் பிறகு பர்மாப் போரில் பறந்தது, 1944-இல் தண்டர்போல்ட் விமானங்களுக்கு மாறியது, 1945 முடிவில் கலைக்கப்பட்டது. உடல் கிடைக்காமல் போன விமானிகளின் பெயர்களைச் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அந்த எண்காரர்கள் காப்பாற்ற முடியாத ஊரில்.

அந்த ஏப்ரலில் பெரிய குறை ஒன்று இருந்தது. வந்த விமானத்தை எதிர்க்க முடிந்ததே தவிர, அவற்றை அனுப்பிய கப்பலை எட்டி அடிக்க ஆளில்லை. ஏப்ரல் 9-இல் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் அகாகியை நெருங்கிக் குண்டு போட்டும் ஒன்றுகூடப் படவில்லை. இன்று அந்த வேலைக்கென்றே நம் பக்கத்தில் ஒரு ஸ்குவாட்ரன் இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள 222. கப்பலைத் தொலைவில் இருந்தே தாக்கும் பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கும் சுகோய்-30 விமானங்கள். அதுவும் 1969-இல் தொடங்கி, இடையில் உறங்கி, 2020 ஜனவரியில் பழைய எண்ணோடு மறுபடி எழுந்த பிரிவுதான். அதன் பெயர் 'டைகர்ஷார்க்ஸ்'. நம் கடற்கரைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, புலிச்சுறா.

கொழும்பு போகிறவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பந்தயத் திடலின் பழைய மாடம் இன்றும் நிற்கிறது. புதுப்பித்துக் கடைகள் வைத்திருக்கிறார்கள். சாமான் வாங்கி முடித்தபிறகு, வெளியே வந்து அந்தப் புல்தரையை ஒரு நிமிடம் பாருங்கள். 14 விமானங்கள் எழும்பிப் போய், 5 மட்டும் மிஞ்சிய இடம் அது.