நான்காம் நாள் மாலை

கேனரிப் பேடு நாளுக்கு ஒன்றாக, அதிகாலையில் முட்டையிடும். வெளிர்நீல ஓட்டில் பழுப்புப் பொட்டுகள். முதல் முட்டையைக் கண்ட அன்றே அதை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் முட்டையை வைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நாங்கள் இங்கிலாந்தின் லெஸ்டரில் குடியேறிய புதிது. எனக்கு முதல் ஜோடியைக் கொடுத்தவரும் அவரே. ஆனாலும், தாயிடமிருந்து முட்டையைத் திருடுவதா என்று மனம் ஒப்பவில்லை. அந்த ஆண்டு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பதினான்காம் நாள் முதல் குஞ்சு பொரிந்தது. நான்காவது பொரிய மேலும் மூன்று நாளாயிற்று. மூன்று நாள் நமக்கு ஒன்றுமில்லை. கேனரிக் குஞ்சுக்கோ அது பெரிய வயது வித்தியாசம். மூத்தது பருத்து, கழுத்தை நீட்டி வாய் பிளந்து நின்றது. கடைக்குட்டிக்குத் தலை தூக்கவே தெம்பில்லை. உயர்ந்து நிற்கிற வாயில்தான் தாய் முதலில் ஊட்டும். கடைசி இரண்டும் மூத்தவற்றின் காலடியில் மிதிபட்டுச் செத்துக் கிடந்தன.

அடுத்த வசந்தத்திலிருந்து நானும் எடுக்கத் தொடங்கினேன். தினை நிரப்பிய கிண்ணத்தில் முட்டைகளைப் பதித்து, வெயில் படாத குளிர்ந்த மூலையில் வைத்து, காலையும் மாலையும் புரட்டிவிடுவேன். பேடு போலி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். நான்காம் நாள் மாலை நான்கையும் ஒருசேரத் திருப்பி வைப்பேன். அடை ஒன்றாகத் தொடங்கினால் பொரிப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும்.

அந்தப் பெரியவரிடமும் என்னிடமும் இருப்பது குளோஸ்டர் இனம். 1925-இல் லண்டன் கிறிஸ்டல் பாலஸ் கண்காட்சியில் செல்ட்டன்ஹாமைச் சேர்ந்த திருமதி ரோஜர்சன் வைத்த பறவைகளிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. உடல் ஏறத்தாழ நாலரை அங்குலம். நெற்றியில் கிராப்பு வெட்டினாற்போலக் கொண்டை கவிந்திருந்தால் கொரோனா. வழவழத்த தலையென்றால் கான்சார்ட். வீட்டுக்கு வருகிறவர்கள் கொரோனாவைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கொண்டையுள்ள இரண்டை ஜோடி சேர்க்கக் கூடாது. கொண்டைக்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த கரு பிழைக்காது. சராசரியாக நான்கில் ஒன்று அப்படிப் போய்விடும். கொரோனாவுக்குக் கான்சார்டே துணை. நல்ல கொண்டை அமைய கான்சார்டின் அகன்ற தலையும் வேண்டும். எனக்குப் பிடித்ததும் கான்சார்ட்தான்.

குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகும் முன்பே காலில் வளையம் மாட்ட வேண்டும். பிறந்த ஆண்டைச் சொல்லும் மூட்டில்லாத வளையம் அது. முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைத் தாண்டி மேலே தள்ளவேண்டும். சில நாள் தாமதித்தாலும் பாதம் பெருத்துவிடும். ஒருமுறை காலையிலேயே மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கூட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் தாய், மின்னிய வளையத்தைக் குப்பையென்று நினைத்து இழுத்திருக்கிறது. குஞ்சும் கூடவே வந்துவிட்டது. மாலையில் வந்து பார்த்தபோது கூண்டின் தரையில் சில்லிட்டுக் கிடந்தது. உள்ளங்கையில் பொத்தி வாயால் ஊதிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. விரலுக்குள் ஒரு கால் உதைத்தது. இப்போதெல்லாம் இருட்டும் வேளையில்தான் மாட்டுகிறேன், வளையத்தின் மேல் தோல்நிறப் பிளாஸ்திரி சுற்றி.

நவம்பரில் கண்காட்சி. எல்லாக் கூண்டுகளும் ஒரே அச்சு. வளர்த்தவர் பெயர் இராது, எண் மட்டுமே. நடுவர் கிட்டே வரும்போது படபடக்காமல் கம்பியில் நிற்கும் பறவையே மதிப்பெண் வாங்கும். அதற்காக வாரக்கணக்கில் கண்காட்சிக் கூண்டைத் திறந்து வைத்து, தானே உள்ளே போய்வரப் பழக்குகிறேன். இரண்டாம் பரிசு ஒருமுறை கிடைத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த வளையக் குஞ்சு கான்சார்ட் பேடாக வளர்ந்தது. கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோகவில்லை. இந்த ஏப்ரலில் அது முதன்முறையாக முட்டையிட்டது. நான்கு காலை அதன் வயிற்றுக்கடியில் விரல் நுழைத்து எடுத்தேன்; கொத்தவில்லை. நேற்று நான்காம் நாள் மாலை. பிளாஸ்டிக் முட்டைகளை எடுத்துவிட்டு நான்கையும் வைத்தேன். கூட்டின் விளிம்பில் நின்று ஒவ்வொன்றையும் அலகால் உருட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே இறங்கி, இறகை விரித்து அமர்ந்தது.