கரண்ட் போன வகுப்பு

கிண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறைகளுக்கு இன்றும் பஞ்சமில்லை. அப்படியொரு பட்டறைக்கு முதுகைக் காட்டியபடி ஒரு தொடக்கப் பள்ளி. வராந்தாவிலிருந்து பார்த்தால் நான்காம் வகுப்பு முழுசாகத் தெரிகிறது.

நாலு பேர் பெஞ்சில் ஐந்து பேர். ஒருவன் முழங்கையை விரித்தால் பக்கத்தவன் எழுத்து கோணுகிறது.

"மிஸ், இடிக்கிறான் மிஸ்!"

"நான் இல்ல மிஸ், இவன்தான்!"

இரும்பு கடையும் சத்தத்துக்கு மேலே மிஸ்ஸின் குரல்; அதற்கும் மேலே பிள்ளைகள். முன்வரிசைக்குப் பாடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கடைசி வரிசைக்கு மிஸ்ஸின் வாயசைவுதான் வருகிறது. அங்கே ரப்பர் சண்டை நடக்காமல் வகுத்தலா நடக்கும்? 'வாலு' என்று பெயரெடுத்த பையனுக்கும் அங்கேதான் இடம், ஜன்னலோரம், லேத்துக்கு நேராக.

பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது, லேத்தும் நின்றது. புழுக்கத்தில் இனி ரகளைதான் என்று பார்த்தால், மிஸ் குரலைத் தணித்தார். பிள்ளைகளும் தானாகத் தணிந்தார்கள். "பெஞ்சைத் தள்ளிட்டுக் கீழ உக்காருங்க" என்றார்.

பெஞ்சு நகர்ந்ததும் சுவரின் அடியில் இடுப்பளவுக்குக் கறுப்புப் பட்டை தெரிந்தது. செயல்வழிக் கற்றல் காலத்துக் கரும்பலகை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. பிள்ளைகளோடு டீச்சரும் பாயில் உட்கார்ந்த காலம். பிறகு பெஞ்சு வந்து பலகையை மறைத்துக்கொண்டது. 2025 ஜூலையில், கடைசி வரிசையே இருக்கக் கூடாது என்று பெஞ்சுகளை 'ப' வடிவில் போடச் சொன்னார்கள். கழுத்து வலிக்கும் என்று எதிர்ப்பு வரவே, அதை நிறுத்திவைத்தார்கள். யோசனை நல்லதுதான். இந்த அறையில் 'ப' போட்டால் மிஸ் வராந்தாவில்தான் நிற்க வேண்டும்!

வாலு ஒரு துண்டுச் சாக்பீஸைப் பொறுக்கி, அந்தப் பட்டையில் 84ஐ 6ஆல் வகுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒருத்தி தவறாக எழுதியதைக் கையாலேயே அழித்து, "இங்க ஒண்ணு போகும், மீதி ரெண்டு" என்று காட்டினான். மிஸ் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. லேத்து மறுபடி கிறீச்சிட்டது. மிஸ் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மிஸ், இங்கியே உக்காந்துக்கவா?"

ஒரு பார்வை தலைமையாசிரியர் அறைப்பக்கம் போய் வந்தது.

"சாப்பாட்டு பெல் அடிக்கிற வரைக்கும்."