பேன் பார்க்கும் மீன்

ஆடி 2

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிய அன்று, விசைத்தறிக்காரர் ஒருவரின் வீட்டு முன்னறைக்குக் கிளீனர் ராஸ் என்கிற மீன் வந்து சேர்ந்தது. விரல் நீளம்தான். நீல உடம்பில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புப் பட்டை. 400 லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே இரண்டு கோமாளி மீன்களும் ஒரு சர்ஜன் மீனும் இருக்கின்றன. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடலுப்புக் கலவையைக் கரைத்து அவர் உண்டாக்கிய கடல் அது. பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருப்பதால், உள்ளே வெறும் சுண்ணாம்புக் கற்கள்.

சர்ஜன் மீனின் மேல் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அவற்றைத் தின்று தீர்த்துவிடும் என்று நம்பித்தான் இதை வாங்கினார்.

ஆடி 3

காலையில் புதுமீன் ஏறி இறங்கித் துள்ளி ஆடியது. சர்ஜன் மீன் துடுப்புகளை விரித்து, வாயைத் திறந்து அசையாமல் நின்றுகொடுத்தது. கண்ணோரம், செவுளுக்குள், வாய்க்குள் என்று நுழைந்து வந்தது சின்னது. பள்ளிக்குக் கிளம்பிய மகள் பையை இறக்கிவைத்தாள். "எப்பா, இது அதுக்குப் பேன் பாக்குதா?"

பேன்தான். மீன்களின் ரத்தத்தை உறிஞ்சும் நேத்தியிட் என்கிற பொடி ஒட்டுண்ணிகளே இதன் முக்கிய இரை. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா குரட்டர் எண்ணிப் பார்த்தபோது, ஒரு மீன் ஒரு நாளில் தின்றவை சுமார் 1,200. அதே தீவில் சில பாறைத்திட்டுகளிலிருந்து இந்த மீனை மட்டும் எட்டரை ஆண்டுகள் அப்புறப்படுத்தி வைத்தார்கள். அங்கே குடியிருந்த மீன்களின் எண்ணிக்கை, மற்றத் திட்டுகளைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தனை வேலை செய்கிற உயிரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்தோமே என்கிற உறுத்தல் அன்றே தொடங்கியது.

ஆடி 8

புள்ளிகள் குறையவில்லை, கோமாளி மீன்களுக்கும் தொற்றிவிட்டது. வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் ஒரு செல் உயிரி. தோலுக்கு அடியில் புகுந்து தின்னும், பிறகு உதிர்ந்து அடித்தரையில் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். ராஸ் அதை எடுத்துத் தின்று ஒழிக்காது. நான்கு மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி, தாமிர மருந்தைச் சோதித்துச் சோதித்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினார். தரையில் மிச்சமிருக்கும் கிருமி இரையின்றிச் சாகும்வரை பெரிய தொட்டி மீனில்லாமல் கிடக்க வேண்டும்.

ஆடி 12

தபசுக் காட்சி. தோல் நோய் தீர வேண்டிக்கொண்டு புற்றுமண் எடுத்துப் பூசுகிறவர்கள், பாம்பும் தேளும் பொறித்த தகடுகளை உண்டியலில் போடுகிறவர்கள் என்று ஊர் நிறைந்திருந்தது. சிறுவயதில் தன் அம்மா சொறியில் பூசிய புற்றுமண்ணின் குளிர்ச்சி அவருக்கு நினைவு வந்தது. கூட்டத்தில் நிற்கும்போதும் மனம் தொட்டியில்தான் இருந்தது.

ஆவணி 4

புள்ளிகள் போயின. ஆனால் ராஸின் வயிறு ஒட்டிவிட்டது. பேன் தீர்ந்த மீன்களின் உடம்புச் சளியையே கடிக்கத் தொடங்கிவிட்டது. சர்ஜன் மீன் திடுக்கிட்டுத் துள்ளுகிறது. இந்த மீனுக்குப் பேனைவிடச் சளிதான் அதிகம் பிடிக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடலில் என்றால் கடிபட்ட மீன் துரத்தும், அல்லது வேறு இடம் பார்த்துப் போய்விடும். அந்தப் பயம்தான் இதைக் கட்டுப்படுத்துகிறது. நாலு சுவருக்குள் சர்ஜன் எங்கே போகும்?

ஆய்வுக்கூடங்களில் இறாலை மசித்துப் பலகையில் தடவி வைப்பார்களாம். அவரும் சந்தையில் பச்சை இறால் வாங்கி அரைத்து, அக்ரிலிக் துண்டில் பூசி உள்ளே இறக்கினார். இரண்டு நாள் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொத்து. அன்று தறியை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் ஓட்டினார்.

புரட்டாசி 6

எல்லோரும் பெரிய தொட்டிக்குத் திரும்பியாயிற்று. ராஸ் இப்போது மைசிஸ் என்கிற, உறையவைத்த பொடி இறால்போன்ற தீனியும் தின்கிறது. ஒரு நாளைக்கு நான்கு வேளை. சளிக் கடி குறைந்துவிட்டது, நிற்கவில்லை.

மகள் கண்ணாடிச் சுவரை ஒட்டி முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தாள். 2019-இல் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மீனின் தொண்டையில் பழுப்புப் புள்ளி இட்டு, கண்ணாடியைக் காட்டினார்கள். பிம்பத்தைப் பார்த்த மீன், தன் தொண்டையைத் தரையில் தேய்த்தது. வீட்டு மீன் கண்ணாடிமுன் வெகுநேரம் நின்றது. தன்னைத்தான் பார்க்கிறதா என்று மகள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

மாலையில் மீன்கடைக்காரரின் போன். "அண்ணாச்சி, ராஸ் புதுசா வந்திருக்கு. ஜோடி சேத்து விடுவமா?"

"வேண்டாம் தம்பி. இது கடல்லயே இருக்கட்டும். மைசிஸ் இருந்தா ரெண்டு பாக்கெட் எடுத்து வையுங்க."