பின்னால் வருபவர்

முன்செல்லும் வண்டியை ராடர் கொண்டு அளந்து, இடைவெளி குறுகுமிடத்துத் தானே வேகம் தணியும் மின்சாரக் காரை மெச்சாதார் இலர். ஓட்டிய மோட்டாரே அவ்வேளை மின்பிறப்பாக்கியாகி, ஓட்டத்தின் சக்தியை மீட்டுப் பற்றரியிற் சேர்க்கின்றது. பற்றரி நிறைந்திருந்தாலோ, சடுதியாக நிறுத்த நேர்ந்தாலோதான் சில்லுகளைப் பிடிக்கும் பழைய பிறேக்குக்கு வேலை மிகும்.

ஆயினும் மருமகனின் காரில், அவர் கால் எந்த மிதியின்மேலும் இல்லாதிருக்க வேகம் தணியக் கண்டபோது, என் எண்ணம் பின்னால் வருபவர்மீதே சென்றது. மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும் என்றல்லவா அவர் நம்பி வருகிறார்? மிதியாதபோது அவருக்கு அறிவிப்பது யார்?

ஐக்கிய நாடுகளின் 13-எச் இலக்க வாகன விதி இதற்கு விடை கூறுகின்றது. கார் தானாகப் பிறேக் இட்டாலும் விளக்கு எரிதல் வேண்டும். ஆனால், ஒவ்வொரு செக்கனிலும் குறையும் வேகம் செக்கனுக்கு 0.7 மீற்றரிலும் சிறிதாயின் எரியாமல் விடலாம் என்று அவ்விதி முன்னர் கூறியது. ஓயாது மினுங்கும் விளக்கை எவரும் மதியார் என்பது உண்மையே. எனினும் கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த அளவை ஒட்டித் தணிந்தால், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் பத்துச் செக்கனில் 75க்கு அண்மையில் இறங்கிவிடும், விளக்கு எரியாமலே! நம் பஸ் சாரதிகள் விடும் இடைவெளியை அறிந்தோர்க்கு இது சிறிதன்று.

நெருங்கி வருவோரைக் கண்ணாடியிற் கண்டால், மருமகன் இப்பொழுது பிறேக்கை இலேசாகத் தொடுகிறார். தன்னியக்கம் விலகுகின்றது, விளக்கும் எரிகின்றது.